மூன்று விளையாட்டும் ஒரு சொல்லும்

அக்கராயன்
03.03.2024

அன்புத் தம்பி ஜனகன்,

அக்கா எழுதுகிறேன். உனக்குக் காய்ச்சல் என்று வழக்கறிஞர் சொன்னார். இப்போது விட்டுவிட்டதா? இங்கே அம்மாவுக்கு முழங்கால் நோவு கொஞ்சம் குறைந்திருக்கிறது. அப்பா காலபோக நெல் வெட்டை முடித்துவிட்டார். உன்னைப் பற்றி அவர் கதைப்பதில்லை. ஆனால் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் படலைக்கு முதலில் போகிறவர் அவர்தான்.

யாரும் பார்க்க வரவேண்டாம், வந்தாலும் நான் வெளியே வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினாயாம். ஒரு வருடம் என்று தீர்ப்பு வாசித்த அன்றும் நீ எங்கள் பக்கம் திரும்பவில்லை. கடிதமாவது வாங்குவாய் என்று நினைக்கிறேன். சட்டை அளவு குறிப்பதைத் தவிர நான் பேனை பிடித்து எத்தனையோ வருடம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன்னுடையதும் தயாவுடையதுமான கேம் கடையைப் போன கிழமை திறந்துவிட்டேன். என்னுடைய தையல் மெஷினைக் கொண்டுபோய் மூலையில் வைத்துவிட்டுக் காலையிலிருந்து பின்னேரம் ஆறு மணி வரை அங்கேயே இருக்கிறேன். உடைந்த கண்ணாடி அலுமாரியை எடுத்துவிட்டாயிற்று. இரண்டு டிவியும் இரண்டு கேம் பெட்டியும் வேலை செய்கின்றன. நீங்கள் சுவரில் ஒட்டிய தாளை மட்டும் நான் தொடவில்லை. மூன்று விளையாட்டின் பெயர், கீழே கோடு கோடாக ஒன்றரை மாதம். இளைஞர் கழகத்து ஆட்கள் போட்டி நடத்த ஒரேயொரு விளையாட்டுக்குத்தான் மண்டபம் தருவோம், எதைக் கூடப் பேர் விளையாடுகிறார்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள் என்றதும், நீங்கள் இரண்டு பேரும் சந்தோசமாகத் தாள் வாங்கப் போனதும் எனக்கு நினைவிருக்கிறது.

ஒன்று கேட்கவேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போன இரண்டு பேர், எந்த விளையாட்டு பெரிது என்ற கதைக்கு இப்படி அடிபடுவார்களா? நீதவான் கேட்டபோது நீ அதைத்தான் சொன்னாய். தயாவும் பொலிசில் அதைத்தான் சொன்னான். ஊரில் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு அது விளங்கவில்லை.

தயா சுகம். யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் போய்வருகிறான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா
நிரோஜா


24.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் பதினாறு நாள் கழித்துக் கிடைத்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்த அதிகாரி வரும் நாளில்தான் எங்களுடைய கடிதங்களைத் திறப்பார்கள். நான் எழுதுவதையும் அவர் வாசிப்பார். காய்ச்சல் மாறிவிட்டது. தச்சுப் பட்டறையில் சேர்த்திருக்கிறார்கள். மரத்தூள் மூக்குக்குள் போவதைத் தவிரக் குறை ஒன்றும் இல்லை. அம்மாவைப் படி ஏறவேண்டாம் என்று சொல்லுங்கள், கோவிலில் அந்த ஆறு படியும் சேர்த்துத்தான்.

விளங்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். விளையாடாத ஆட்களுக்கு விளங்காது. மூன்றும் ஆளுக்கு ஆள் அடிபடும் விளையாட்டுத்தான், ஆனால் ஒன்று போல ஒன்று இல்லை. டெக்கன் என்பதை முதல் நாள் வருகிறவனும் கைபோன போக்கில் பொத்தானை அமத்தி ஒரு தரமாவது வெல்லலாம். அதனால் கூட்டம் சேரும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் பழைய ஆட்களுடையது. ஒரு அடியைச் சரியாக விழுத்த ஒரு மாதம் பழகவேண்டும். எங்களுடைய கடையில் தயாவோடு சேர்த்து நாலு பேர் அதை விளையாடினால் பெரிய காரியம். மோர்ட்டல் கொம்பாட் இரத்தம். எதிராளி விழுந்த பிறகும் விடமாட்டார்கள், கிழித்துக் காட்டுவார்கள்.

உலகத்திலேயே இது முடியாத சண்டை, அக்கா. எது அதிகம் விற்றது என்று கேட்டால் ஒரு விடை. எந்தப் போட்டிக்கு ஆட்கள் கூட வருகிறார்கள் என்று கேட்டால் வேறு விடை. எதை மதிக்கிறார்கள் என்று கேட்டால் இன்னொன்று. யூரியூப்பில் இதற்காக வருடக்கணக்காகத் திட்டுப்படுகிறார்கள். கிளிநொச்சிக்கு டெக்கன்தான் என்று நான் சொன்னேன். தயாவின் எண்ணிக்கையில் மோர்ட்டல் கொம்பாட் முன்னுக்கு நின்றது. அது பிழை என்று சொன்னேன். அவ்வளவுதான்.

பழைய தாளைக் கழற்றிவிட்டுப் புதுத் தாள் ஒட்டி நீங்களே எண்ணிப் பாருங்கள். நான் சொன்னது சரியென்று தெரியும்.

தயாவுக்கு இடக் கண் எப்படி? இரண்டாவது ஒப்பரேசன் செய்தால் பார்வையைக் காப்பாற்றலாம் என்று வழக்கில் சொன்னார்கள். செய்துவிட்டார்களா?

அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஜனகன்


அக்கராயன்
20.04.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். வருடப்பிறப்புக்கு அம்மா பலகாரம் சுடவில்லை. மீனம்மாதான் தன் வீட்டில் சுட்டதில் ஒரு பெட்டி கொண்டுவந்து பின்பக்கம் வைத்துவிட்டுப் போனார். தன் மகன் தயாவுக்கு நாங்கள் செய்ததற்குப் பிறகும் களை பிடுங்க எங்களுடைய வயலுக்குத்தான் வருகிறார். அப்பா வேண்டாம் என்று சொல்லவுமில்லை, வா என்று கூப்பிடவுமில்லை.

நீ சொன்னபடி புதுத் தாள் ஒட்டியாயிற்று. எனக்கு வேலை என்றால் முழுதாகச் செய்யவேண்டும் என்று உனக்குத் தெரியும். நான் வெறும் கோடு போடவில்லை, நேரமும் குறிக்கிறேன். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே திரையைப் பார்க்கப் பழகிவிட்டேன். எது எந்த விளையாட்டு என்று சத்தத்தை வைத்தே இப்போது சொல்வேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு தாய் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தார். உருத்திரபுரத்து ஆள், வெற்றிலை போட்டிருந்தார். திரையில் ஒருவன் மற்றவனின் நெஞ்சைப் பிளந்துகொண்டிருந்தான். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"இதைக் காசு குடுத்தோ பாக்கினம்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார்.

தயா இருக்கிறான். சாப்பிடுகிறான். உனக்குச் சவர்க்காரமும் பல்பசையும் வழக்கறிஞரிடம் கொடுத்திருக்கிறேன்.

அக்கா


19.05.2024

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன். சவர்க்காரம் வந்தது, பல்பசை வரவில்லை. நேற்று மே பதினெட்டு. முள்ளிவாய்க்காலில் செத்தவர்களை நினைத்து வீட்டில் கஞ்சி காய்ச்சியிருப்பீர்கள். இங்கே அது ஒரு சனிக்கிழமை.

அந்தத் தாய் கேட்டதை நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்களுடைய வயது ஆட்கள் மோர்ட்டல் கொம்பாட் கேட்டு நான் கண்டதில்லை. நானும் தயாவும் ஒரு தரம் போட்டுப் பார்த்தோம். பாதியில் தயா கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "இதில ஒண்டும் சரியில்லை மச்சான், ஆக்கள் இப்பிடி விழுறதில்லை" என்றான். போரில் பத்து வயதில் பார்த்தது போதும் என்று பிறகு தொடவில்லை. அதனால்தான் அவனுடைய எண்ணிக்கையில் அந்த விளையாட்டு வென்றபோது என்னால் நம்ப முடியவில்லை.

இங்கே பட்டறையில் கேகாலைப் பக்கத்து ஒருவர் இருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் அரைகுறை. என்ன தொழில் என்று கேட்டார். கையால் அமத்திக் காட்டினேன். "டெக்கன்?" என்றார். அதற்குப் பிறகு பலகை இழைக்கும்போது இரண்டு பேரும் கதைப்பது இதைத்தான். அவர் ஒரு பெயர் சொல்லுவார், நான் தலையாட்டுவேன் அல்லது இல்லை என்பேன். ஒரு நாள் ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டார். விளையாட்டுக்குச் சண்டை பிடித்து என்று சொன்னேன். பட்டறை முழுதும் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அக்கா, மூன்று பக்கம் எழுதுகிறீர்கள். தயாவைப் பற்றி ஒரு வரிதான் எழுதுகிறீர்கள். "இருக்கிறான், சாப்பிடுகிறான்" என்றால் என்ன? அவனுடைய கண்ணைக் கேட்டு இது இரண்டாவது கடிதம்.

அம்மாவின் முழங்கால்?

ஜனகன்


அக்கராயன்
09.06.2024

அன்புத் தம்பி,

அம்மாவுக்கு முழங்காலில் ஊசி போட்டார்கள், நடக்கிறார். அப்பாவுக்கு இருமல், வேறு வருத்தம் இல்லை.

இதைப் பட்டறையில் நின்று வாசிக்காதே. இருந்து வாசி.

தயாவின் இடக் கண்ணில் பார்வை இல்லை. இரண்டாவது ஒப்பரேசன் பங்குனி முதல் கிழமையிலேயே செய்தார்கள். நான் உனக்கு முதல் கடிதம் தபாலில் போட்டு மூன்றாம் நாள். செய்தும் பலனில்லை, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், நான் தாளையும் கோட்டையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளே இருக்கிறவனுக்கு இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அம்மா சொன்னார். அம்மாவைச் சாட்டவில்லை, எனக்கும் எழுதப் பயமாக இருந்தது.

சித்திரை முடிந்த பிறகு ஒரு நாள் தயா கடைக்கு வந்தான். வாசலில் நின்று, "அக்கா, நான் வரலாமோ?" என்று கேட்டான். பாதிக் கடை அவனுடையது. நான் அழுதுவிட்டேன். அவன் தன் இடத்தில் போய் இருந்து ஸ்ட்ரீட் ஃபைட்டர் போட்டான். யாரோ ஒருவன் எதிரே வந்து இருந்தான். ஐந்து தரம் விளையாடினார்கள், ஐந்தும் தயா வென்றான். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "திரை தட்டைதானே அக்கா. அதில ரெண்டு கண் உள்ளவனுக்கும் எனக்கும் தூரம் ஒண்டுதான்" என்றான். பிறகு நான் தேத்தண்ணி நீட்டினேன். பிடிக்கப் போன கை கோப்பைக்கு இரண்டு விரல் முன்னால் மூடிக்கொண்டது. அவன் கையைப் பார்த்தான். நான் வேறெங்கோ பார்த்தேன். இப்போது நான் கோப்பையை மேசையில் வைத்துவிடுகிறேன்.

எண்ணி முடித்தாயிற்று. ஏழு கிழமை. தம்பி, தயாவின் கணக்குச் சரி.

நீ சொன்னதும் பொய்யில்லை. காலையிலிருந்து இரண்டு மணி வரை வருகிறவர்கள் வேலைவெட்டி தேடும் வயது ஆட்கள், பஸ்ஸுக்கு நிற்கும் ஆட்கள். அவர்கள் போடுவது டெக்கன். இரண்டு மணிக்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வருகிறவர்கள் எல்லோரும் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு மோர்ட்டல் கொம்பாட் தவிர வேறு வேண்டாம், காலையில் டெக்கனுக்கு ஒரு கோடு என்றால் பின்னேரம் இதற்கு மூன்று கோடு. கடையில் காலை முறை உன்னுடையது, பின்னேர முறை தயாவுடையது. நீ கண்டதை நீ சொன்னாய், அவன் கண்டதை அவன் எழுதினான். தனக்குப் பிடிக்காத விளையாட்டு வென்றதென்று எழுதியிருக்கிறான்.

இதை அவனுக்கும் சொன்னேன். தாளைப் பார்க்கக்கூட எழும்பவில்லை. "அது எனக்குத் தெரியும் அக்கா" என்றான்.

அப்படியானால் எதற்காக, ஜனகன்?

மறுமொழி எழுது.

நிரோஜா


அக்கராயன்
21.07.2024

தம்பி,

சுகமா? ஆறு கிழமையாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு வருத்தமா என்று வழக்கறிஞரைக் கேட்கச் சொன்னேன். வருத்தமில்லை, வேலைக்குப் போகிறாய், யாரோடும் கதைப்பதில்லை என்று சொன்னார்களாம். கோபம் என்றால் கோபத்தையாவது எழுது. அம்மாவுக்கு நீ எழுதியதாகச் சொல்லி நானே ஒரு கடிதம் வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் என்னால் அப்படிச் செய்ய முடியாது.

அக்கா


18.08.2024

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதினேன், கிழித்தேன். இது ஐந்தாவது.

இதை வாசிக்கும் அதிகாரி தமிழர். அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று யோசித்து இரண்டைக் கிழித்தேன். நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று மற்ற இரண்டையும்.

அன்று காலை தயா தாளைக் கழற்றி மேசையில் விரித்து எண்ணினான். மோர்ட்டல் கொம்பாட் முன்னுக்கு நின்றது. பின்னேரம் வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் தயாவின் குடியிருப்புப் பக்கம், மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் என்று உங்களுக்குத் தெரியும். நான் சொன்னேன்: "உன்ர ஆக்களின்ர பெடியளைக் கூட்டியந்து கோடு போட்டுப்போட்டு இதை எண்ணிக்கை எண்டு சொல்லுறாய்."

அவன் சிரித்துக்கொண்டு, "என்ர ஆக்கள் ஆரடா? நீதான் என்ர ஆள்" என்றான்.

நான் சொன்னேன்: "தோட்டக்காட்டுப் புத்தி எங்க போகும்."

அவன் சிரிப்பு நின்றது. "என்ன சொன்னனீ? திரும்பச் சொல்லு" என்றான். அக்கா, அப்போது நான் வாயை மூடியிருக்கலாம். பகிடிக்குச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். திரும்பச் சொன்னேன். தோட்டக்காட்டான் என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

அவன் திரும்பினான். போய்த் தன்னுடைய பெட்டியின் வயர்களைக் கழற்றினான். கழற்றி வடிவாகச் சுற்றினான். போகப்போகிறான் என்று தெரிந்ததும் எனக்கு என்ன நடந்ததென்று தெரியாது. பின்னால் போய்த் தள்ளினேன். கண்ணாடி அலுமாரிக்கு மேல் முகங்குப்புற விழுந்தான்.

இரண்டு பேரும் அடிபட்டோம் என்று பொலிசில் சொன்னேன். தயா கை ஓங்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் அவனைக் கேட்டபோது அவனும் ஓம், இரண்டு பேரும் அடிபட்டோம், கேமுக்குத்தான் சண்டை என்று சொல்லியிருக்கிறான். எனக்காகத்தான் சொன்னான் என்று நினைத்தேன். அதையும் சுகமாக வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சொல்லை நான் தெருவில் படிக்கவில்லை. எங்கள் வீட்டுக் குசினியில் கேட்டது. எத்தனை தரம் கேட்டேன் என்று கணக்கில்லை. அதைச் சொல்லி நான் தப்பப் பார்க்கவில்லை. சொன்னது என் வாய்.

எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

ஜனகன்


அக்கராயன்
29.09.2024

தம்பி,

எல்லோரும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதித்தான் தொடங்கவேண்டும். எழுதுகிறேன்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்து வாசித்தேன். தயா எதிரே இருந்தான். மடித்துச் சட்டைத் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. உனக்கு எழுத இத்தனை நாள் கை வரவில்லை. முதலில் உன்மேல் கோபம். பிறகு அது மட்டுமில்லை.

மீனம்மா என்னைவிட இருபது வயது மூப்பு. நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். எதிர்வீட்டு ஆளை மாமி என்கிறேன், மீன் விற்க வருகிறவரை அக்கா என்கிறேன். இவரை மீனம்மா என்கிறேன். நீ எழுதும்வரை அது எனக்குத் தெரியவில்லை.

பின் விறாந்தையில் அவருக்கென்று ஒரு பேணி கவிழ்த்து வைத்திருக்கிறோம். பதினாலு வருடமாக அதில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பவள் நான். போரின் கடைசியில் முள்ளிவாய்க்காலில் எட்டு நாள் எங்கள் நாலு பேரையும் தங்களுடைய பங்கர் குழிக்குள் எடுத்தது அவர். தண்ணீருக்கு இருந்தது ஒரு பேணி. அவர் குடித்துவிட்டுத் தருவார், அப்பா வாங்கிக் குடிப்பார், பிறகு அம்மா, பிறகு நான், பிறகு நீயும் தயாவும். முகாமிலிருந்து வந்து வீட்டுக்குக் கூரை போட்டதும் அந்தத் தனிப் பேணி எப்படித் திரும்ப வந்ததென்று யோசித்துப் பார்த்தேன். யாரும் வை என்று சொல்லவில்லை. நான்தான் வைத்தேன்.

தயாவின் கண் போனதென்று அறிந்த அன்று அப்பா சொன்னார்: "உந்த ஆக்களோட கூட்டுக் கடை வேண்டாம் எண்டு நான் அப்பவே சொன்னனான்." மீனம்மா அந்த நேரம் பின் விறாந்தையில் இருந்தார். கேட்டாரோ தெரியாது. நான் அப்பாவை ஒன்றும் கேட்கவில்லை.

போன புதன்கிழமை குசினிக்குள் இருந்து எங்களுடைய கோப்பை ஒன்றில் ஊற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். மீனம்மா வாங்கவில்லை. "ஏன் பாப்பா, என்னோட பேணி ஒடைஞ்சு போச்சா?" என்று கேட்டார். இல்லை அக்கா, இதில் குடியுங்கோ என்றேன். அக்கா என்றதும் இன்னும் பயந்துபோய், "நான் ஏதும் தப்புப் பண்ணிட்டனா?" என்றார். கடைசியில் குடித்தார். குடித்த கோப்பையைத் தானே மூன்று தரம் கழுவி வெயிலில் வைத்துவிட்டுப் போனார்.

உன்னை மன்னிக்கும்படி நான் தயாவிடம் கேட்கமாட்டேன். எனக்கு அந்த உரிமை இல்லை. நீ எழுது, அவனுக்கு. என் பெயரைப் போட்டு அல்ல, அவன் பெயரைப் போட்டுக் கடை விலாசத்துக்கு அனுப்பு. நான் திறக்கமாட்டேன்.

நிரோஜா


13.10.2024

தயா,

நீ சுகமா என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் அறிய வேண்டியிருக்கிறது.

நான் சொன்னதை அக்காவுக்கு எழுதிவிட்டேன். வேறு யாருக்கும் இன்னும் தெரியாது. வெளியே வந்ததும் எல்லோருக்கும் சொல்லப்போகிறேன். கேமுக்குச் சண்டை இல்லை, தயா அடிக்கவே இல்லை, நான் இன்ன சொல்லைச் சொல்லிப் பின்னால் நின்று தள்ளினேன் என்று. கடையில் சொல்கிறேன், இளைஞர் கழகத்தில் சொல்கிறேன், உன் அம்மாவுக்கு முன்னால் நின்றும் சொல்கிறேன். உன்னை ஊர் சிரிக்கிறது என்று அக்கா எழுதியிருந்தார். அந்தச் சிரிப்பு உனக்குரியதில்லை.

உன் எண்ணிக்கை சரி. அதையும் சொல்கிறேன்.

நீ எனக்காகப் பொலிசில் பொய் சொன்னாய். அதற்கு நான் என்ன செய்யவேண்டும் என்று எழுது, செய்கிறேன்.

ஜனகன்


கிளிநொச்சி
24.11.2024

ஜனகன்,

கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. வாசித்தேன். இங்கே மழை தொடங்கிவிட்டது, கடைக்குள் ஒழுக்கு, நிரோஜா அக்கா வாளி வைத்திருக்கிறார். உனக்கு அங்கே குளிருக்கு ஏதும் இருக்கிறதா?

நான் பொய் சொன்னது உனக்காக இல்லை. அதை முதலில் விளங்கிக்கொள்.

என் அம்மா நாலு வயதில், எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில், மலையிலிருந்து லொறியில் வந்தவர். நீ சொன்ன சொல்லைக் கேட்டுத்தான் வளர்ந்தார். கிணற்றடியில், வயலில், பள்ளிக்கூடத்தில். மூன்றாம் வகுப்போடு அவர் படிப்பை விட்டது அந்தச் சொல்லால்தான். நான் பிறந்த பிறகு வீட்டில் தான் மட்டும் தன் தமிழ் கதைப்பார், என்னை அப்படிக் கதைக்க விடமாட்டார். "அவங்க பேசுற மாதிரிப் பேசு சாமி" என்பார். ஓம் என்று சொல்லாமல் ஆமா என்றால் வாயில் தட்டுவார். உன்னோடு ஒரே சைக்கிளில் நான் போவதைப் படலையில் நின்று ரோடு முடியும்வரை பார்ப்பார். என் மகனை ஒருத்தரும் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை என்று இன்றைக்கும் தன் ஆட்களிடம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவருக்கு இருக்கிற ஒரே பெருமை அது.

ஆஸ்பத்திரியில் நான் கண் விழித்ததும் பக்கத்தில் பொலிஸ்காரர் நின்றார், அம்மாவும் நின்றார். என்ன நடந்தது என்று கேட்டார்கள். ஒரு கண்ணால் அம்மாவைப் பார்த்தேன். கேமுக்குச் சண்டை என்று சொன்னேன்.

கண் போனதை அவர் தாங்கிக்கொண்டார். பெடியள் சண்டை, கூடாத நேரம் என்று நினைத்துத் தாங்கிக்கொண்டார். எதிர்வீட்டில் "கேமுக்குக் கண்ணைக் குடுத்தவன்" என்று என்னைச் சிரித்தால் அம்மாவும் சேர்ந்து கொஞ்சம் சிரிக்கிறார். மற்றதைத் தாங்கமாட்டார். அதுவும் உன் வாயிலிருந்து என்றால்.

ஆகவே நீ யாருக்கும் சொல்லமாட்டாய். சொன்னால் உனக்கு மனம் இலேசாகும் என்று எனக்குத் தெரியும். அது உனக்குக் கிடைக்காது. என்ன செய்யவேண்டும் என்று கேட்டாய் அல்லவா, இதுதான். நிரோஜா அக்காவிடமும் நானே கதைத்துவிட்டேன்.

உன்னை மன்னித்தேனா என்று எனக்குத் தெரியாது. சில நாள் கடையில் உன் கதிரையைப் பார்த்தால் நீ இருந்தால் நல்லது என்று இருக்கிறது. சில நாள் அந்தக் கதிரையைத் தூக்கி வெளியே எறியலாம் போல இருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு என் பெட்டியையும் டிவியையும் எடுத்துக்கொண்டு நெளுக்குளத்துக்குப் போகிறேன். அங்கே சின்னதாக ஒரு இடம் பார்த்திருக்கிறேன். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதே. போட்டாலும் பரவாயில்லை.

தை மாதம் உன்னை விடுகிறார்கள் என்று அக்கா சொன்னார். வந்ததும் முதலில் எங்கள் வீட்டுக்கு வா. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார், "ஜனகன் தம்பி எப்ப வரும், உள்ள என்னத்தச் சாப்பிட்டுச்சோ" என்று. உனக்கு ரொட்டி சுட்டு வைப்பார். பக்கத்தில் வந்து இருந்து, எந்த விளையாட்டுக்காக இரண்டு பேரும் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்பார். எனக்குத் தெரியும், கட்டாயம் கேட்பார். நீ அவருக்குச் சொல்லு. டெக்கன் என்றால் என்ன, மோர்ட்டல் கொம்பாட் என்றால் என்ன, எதை எத்தனை பேர் விளையாடினார்கள், நீ எதைச் சொன்னாய், நான் எதைச் சொன்னேன், ஒன்றும் விடாமல் அவர் நம்பும்வரை சொல்லு. அவர் சிரித்தால் நீயும் சிரி. நான் பக்கத்தில் இருப்பேன்.

அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். நாக்குத் தடுமாறக்கூடாது. இப்போதிருந்தே பழகிக்கொள்.

அம்மா உன்னைச் சுகம் கேட்டு எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

தயாபரன்